மாத்திரை தீருமுன்: இங்கிலாந்தில் ரிப்பீட் மருந்து கேட்கும் முறை

ஊரில் பலருக்கும் பழக்கம் வேறு. பழைய சீட்டையோ காலியான அட்டையையோ மருந்துக்கடையில் நீட்டினால், பிரஷர் மாத்திரை கைக்கு வந்துவிடும். இங்கிலாந்தில் அப்படி நடக்காது. வருடக்கணக்கில் ஒரே மருந்தை எடுப்பவர்களுக்கு ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரின் சர்ஜரியில் ரிப்பீட் பட்டியல் ஒன்று உண்டு. மாதாமாதம் டாக்டரை நேரில் பார்க்காமலே அந்தப் பட்டியலில் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்டால்தான் வரும். ஒவ்வொரு முறையும் நீங்கள் கேட்க வேண்டும். டாக்டரோ மருந்தெழுதும் தகுதி பெற்ற வேறொருவரோ அதைப் பார்த்து ஒப்பமிட வேண்டும். பிறகு சீட்டு கணினி வழியாக நீங்கள் தேர்ந்து வைத்த பார்மசிக்குப் போகும். ரிசெப்ஷனில் இருப்பவருக்குச் சீட்டு எழுதும் அதிகாரம் கிடையாது. அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

ஒப்பமிட்டு அனுப்ப, பெரும்பாலான சர்ஜரிகள் இரண்டு வேலைநாள் கேட்கின்றன. சில இடங்களில் இன்னும் கூடும். பார்மசி மருந்தை எடுத்துவைக்க மேலும் ஓரிரு நாள் ஆகலாம். சனி, ஞாயிறு இந்தக் கணக்கில் சேராது. ஒரு வாரத்துக்கு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகள் வந்தால் இன்னும் சில நாள் முந்திக்கொள்ளுங்கள். ரொம்ப முன்னதாகக் கேட்டாலும் இன்னும் நாள் இருக்கிறதே என்று திருப்பிவிடுவார்கள்.

கேட்பதற்கு எளிய வழி என்எச்எஸ் ஆப். அதில் உங்கள் பட்டியல் தெரியும். வேண்டியதைத் தொட்டு அனுப்பினால் போதும், பார்மசியையும் அதிலேயே மாற்றிக்கொள்ளலாம். கைபேசி பழக்கமில்லாதவர்கள் மருந்தோடு வரும் ரிப்பீட் தாளில் குறியிட்டு சர்ஜரியில் கொடுக்கலாம். தொலைபேசியில் சொன்னால் பல சர்ஜரிகள் ஏற்பதில்லை. மருந்துப் பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் தவறு நேரும் என்ற அச்சம் நியாயமானதே.

அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் கேட்பது நம் வீடுகளில் வழக்கம். அதற்காக அவர்களுடைய பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் சம்மதத்தோடு சர்ஜரியில் ப்ராக்ஸி அனுமதி கேளுங்கள். கிடைத்துவிட்டால் உங்கள் கணக்கிலிருந்தே அவர்களுக்கு மருந்து கேட்கலாம். நீண்ட நாளாக மாற்றமே இல்லாத மருந்து என்றால் இன்னொரு வசதியும் உண்டு. டாக்டர் ஒரு வருடம் வரைக்குமான சீட்டுகளை ஒரேயடியாக ஒப்பமிட்டு அனுப்பிவிடுவார். நீங்கள் பார்மசிக்கு மட்டும் போனால் போதும். இது பலருக்குத் தெரிவதில்லை. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் குறியிட்டு அனுப்பும் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. கேட்காமல் விட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அலமாரியில் பெட்டிகள் சேர்கின்றன. திருப்பிக் கொடுத்தால், பிரிக்காத பெட்டியாக இருந்தாலும் பார்மசி அதை இன்னொருவருக்குத் தர முடியாது, அழிக்கத்தான் வேண்டும். வீணாவது பணம் மட்டும் என்றால் போகட்டும் எனலாம். கால் வீங்குகிறது என்று ஒருவர் பிரஷர் மருந்தான அம்லோடிபைனை யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார், ஆனால் மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். டாக்டரின் திரையில் அவர் ஒழுங்காக மருந்து எடுப்பவர். பிரஷர் குறையவில்லை என்று கண்டதும் அளவைக் கூட்டவோ இன்னொரு மருந்தைச் சேர்க்கவோ தோன்றும். எடுக்காத மருந்தை எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. யாரும் திட்டமாட்டார்கள்.

பெட்டியின் நிறம் மாறினால் மருந்து மாறிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கும் ஆபத்து உண்டு. மருந்தின் பெயரையும் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பார்மசிஸ்டிடம் காட்டுங்கள்.

ரிப்பீட் தாளில் மறுபரிசீலனைத் தேதி ஒன்று இருக்கும். பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை. தைராக்சின் எடுப்பவருக்கு தைராய்டு அளவு, ராமிப்ரில் எடுப்பவருக்குச் சிறுநீரகத்தின் நிலை என்று இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். அழைப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் குறைந்த நாளுக்கு மட்டுமே மருந்து தரக்கூடும். தொல்லையாகத் தோன்றும், ஆனால் பார்க்காமல் வருடக்கணக்கில் மருந்து தருவதுதான் ஆபத்து.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்து இலவசம். இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கட்டணம் இல்லை. 60-க்குக் கீழே இருந்தாலும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரும், தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்பவரும் மருத்துவ விலக்குச் சான்றிதழ் பெறலாம். எஃப்பி92ஏ என்ற படிவத்தை சர்ஜரியில் கேளுங்கள். சான்றிதழ் கிடைத்தால் அந்த நோய்க்கான மருந்து மட்டுமல்ல, எல்லா மருந்தும் இலவசம். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் சர்க்கரையைச் சமாளிப்பவருக்கு இது கிடையாது. சான்றிதழ் இல்லாமலோ காலாவதியான பிறகோ இலவசம் என்று குறியிட்டால் மருந்துக் கட்டணத்தோடு 100 பவுண்டு வரை அபராதம் வரலாம். விலக்கு இல்லாதவர்களுக்கு முன்பணச் சான்றிதழ் உண்டு. வருடத்துக்கு 114.50 பவுண்டு, ஆண்டில் 12 மருந்தாவது வாங்குபவருக்கு அது லாபம்.

கவனித்தும் மருந்து தீர்ந்துபோனால், என்எச்எஸ்ஸின் 111 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள் அல்லது 111 இணையதளத்தில் கேளுங்கள். அவர்கள் அனுப்பும் பார்மசியில் அவசரத்துக்குச் சில நாள் மருந்து கிடைக்கலாம். ட்ரமடால், ப்ரெகாபலின், காபபென்டின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை அப்படித் தரமாட்டார்கள்.

ஊருக்குப் போவதானால் சில வாரம் முன்பே சர்ஜரியில் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தருவது வழக்கமில்லை. மருந்தை அதன் பெட்டியோடும் ஒட்டிய லேபிளோடும் கைப்பையில் வையுங்கள்; ரிப்பீட் தாளின் நகலும் இருக்கட்டும். அங்கே டாக்டர் புதிதாக எழுதிய மருந்து இங்கே உங்கள் பட்டியலில் தானாக ஏறாது. அதன் பெயர், அளவு இருக்கும் சீட்டைக் கொண்டுவந்து ஜிபியிடம் காட்டினால்தான், தொடரலாமா என்று அவர் முடிவு செய்வார்.