நாய் வளர்க்கிறீங்களா? படுத்த பிறகு டாக்டரைத் தேடாதீங்க!

ஏற்காடு:

சேர்வராயன் மலையில் கரடியூர் போன்ற கிராமங்களில் நாய் என்பது வெறும் செல்லப்பிராணி அல்ல. காபி தோட்டத்துக்கும் வீட்டுக்கும் அதுதான் காவல்காரன். ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான்.

அந்தக் காவல்காரனுக்கு உடம்பு சரியில்லை என்றால்? "ரெண்டு நாள் போகட்டும், தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். மூன்றாவது நாளும் எழுந்திருக்காவிட்டால்தான் வண்டி தேடுகிறோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக வேண்டும். அதற்குள் காரியம் கைமீறிப் போய்விடுகிறது. அதனால்தான் மலையில் இருப்பவர்களுக்கு கால்நடை டாக்டர் நோய் வரும் முன்பே தேவை.

ஊசி எப்போது?

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களைத் தடுப்பது இதுதான். பார்வோ வந்தால் வாந்தி, ரத்தபேதி ஏற்பட்டு, நீர்ச்சத்து இழந்து சில நாளிலேயே குட்டி செத்துவிடும். அந்தக் கிருமியைக் கொல்ல நேரடி மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றித்தான் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

வெறிநோய் ஊசி 3 மாதத்தில் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து பூஸ்டர், பிறகு வருடத்துக்கு ஒருமுறை. பூனைக்கும் இது கட்டாயம் தேவை. பூச்சி மருந்து எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்வார்.

உண்ணி உஷார்!

தோட்டத்திலும் புதரிலும் சுற்றும் நாய்க்கு உண்ணி ஒட்டும். அது ரத்தம் குடிப்பதோடு நிற்காது, உண்ணிக்காய்ச்சலையும் கொடுக்கும். சாப்பாடு இறங்காமல், ஈறு வெளுத்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால் ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட்டால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம்.

மாத்திரை விபரீதம்

"காய்ச்சல்தானே" என்று நாம் போடும் பாராசிட்டமாலை பூனைக்குக் கொடுத்தால் ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் சில, நாயின் குடலில் ரத்தக்கசிவை ஏற்படுத்தி சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீங்க.

காபித்தூள் வேண்டாம்!

கால்நடை டாக்டர் காப்பாற்றுவது நாயை மட்டும் அல்ல, வீட்டில் உள்ள குழந்தைகளையும்தான். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். உலகில் இந்த நோயால் இறப்பவர்களில் 99 சதவீதம் பேருக்கு அது நாய் மூலமாகவே வருகிறது.

நம்ம வீட்டு நாயே கடித்தாலும், நகத்தால் பிறாண்டினாலும் காபித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். டாக்டர் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த ஊசிக்கு தென்னிந்தியாவில் வழியே இல்லை. 1900-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் வடக்கே கசவுலி மலையில் இருந்தது. 1907-ல் நம்ம குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று ஊசி இருக்கிறது. நாம்தான் போவதில்லை.

எங்கே போவது?

ஜூலை 6 விலங்கு வழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம் ஆகியவற்றையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆடு, மாடுகளுக்கு அவசரம் என்றால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

ஊசி போடப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். போடாமல் விட்டால் போவது கூலியோடு நிற்காது என்பதை மறந்துவிடக் கூடாது.