உரைத்தொகுப்பியும் ஊர்ப்பெயர்த் தேடலும்

புதுப்பட்டினம் முதற் கோவளம் வரையுள்ள கடற்கரை ஊர்ப்பெயர்களைத் தொகுக்கப் புகுந்தார் ஒருவர், தம் கோப்பிற் 'கோவளம்' எனத் தேடுகின்றார் எனக் கொள்வோம். கண்முன் நிற்கும் சொல் தேடலில் அகப்படாது போதலும் உண்டு. ஒருங்குறியில் 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைச்சுழி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண்களை ஒப்பிடும் தேடலுக்கோ வேறு.

1985-இல் வெளிவந்த குனூ ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி, பயில்வோர் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ள இடந்தருவது. எழுத்துருவும் விசைப்பலகை முறையும் அமைத்தல் எளிது. ஈண்டு விரித்தல் வேண்டா. இன்றியமையாதது, கோப்பைச் சேமிக்குந்தோறும் இவ்விரு வடிவங்களையும் என்.எஃப்.சி. என்னும் ஒரே வடிவாக்குமாறு பணித்தலாம். அதற்குரிய செயற்கூறு அதனுள்ளேயே உளது; அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி எழுதினாற் போதும்.

ஔகாரத்திலோ விழிப்பு வேண்டும். அதன் குறியின் பின்னுறுப்பு ளகரம்போலத் தோன்றுதலின், 'கௌ' என்பதைக் 'கெள' எனத் தட்டச்சிட்டார் பலர். இப்பிழையை அச்செயற்கூறு தொடாது. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றத் துணியின், இக்கரை வலைகளில் விழும் கெளுத்தி மீனின் பெயர் சிதையும்! ஆதலின் ஐயமுள்ள இடங்களை நிறமிட்டுக் காட்டச் செய்து, ஒவ்வொன்றாகக் கண்டு திருத்துதலே தக்கது.

கோப்புறைதோறும் வெவ்வேறு அமைப்பு வைத்தற்கும் ஈமாக்ஸில் வழியுண்டு. புள்ளியின்றி வெட்டப்பட்ட கல்வெட்டுகளின் படிகளைத் தனிக்கோப்புறையில் வைத்து, எழுத்துப்பிழை திருத்தும் அமைப்புகளை அங்கு மட்டும் நிறுத்திவிடலாம்.