கணக்கில் வராத களைப்பு

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துவந்த காலத்தில், இரண்டாவது மாடியிலிருந்த என் வகுப்புக்குப் பெரும்பாலும் தாமதமாகவே வரும் மாணவி ஒருவர் இருந்தார். படிக்கட்டின் திருப்பத்தில் அவர் அமர்ந்து இளைப்பாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "இந்த வயதில் இவ்வளவு சோம்பலா?" என்று ஒருநாள் கடிந்தும் கொண்டேன். அடுத்த ஆண்டு அவர் படிப்பை நிறுத்திவிட்டார். அவருக்கு 'லூபஸ்' நோய் இருந்ததை, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அவருடைய தந்தை சொல்லித்தான் அறிந்தேன்.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், தன் சொந்த உறுப்புகளையே தாக்குவதுதான் லூபஸ். தோல், மூட்டு, சிறுநீரகம், நுரையீரல், இதயம், மூளை என எந்த உறுப்பையும் அது தாக்கக்கூடும். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் நோய் தலைகாட்டுகிறது. படிப்பு, வேலை, திருமணம், மகப்பேறு ஆகிய அனைத்தும் நிகழும் பருவம் அது.

கன்னங்களில் பட்டாம்பூச்சி வடிவில் படரும் சிவந்த தடிப்பு பிறர் கண்ணுக்குத் தெரியும், களைப்பு தெரியாது. ஆனால், லூபஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரை வாட்டுவது அந்தக் களைப்புதான். இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை.

இதற்கு உடல்சார்ந்த காரணங்கள் பல உண்டு. முதலாவது, மூச்சு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி ஏற்பட்டால், ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது நெஞ்சில் குத்தும். வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். அரிதாகச் சிலருக்கு உதரவிதானம் வலுவிழந்து மேலேறிவிடும். நுரையீரல் முழுமையாக விரிய முடியாமல் அதன் கொள்ளளவு குறையும். 'சுருங்கும் நுரையீரல்' எனப்படும் இந்நிலை 1965-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது.

நுரையீரலில் வெளிப்படையான பாதிப்பு இல்லாத பெண்களுக்கும் உழைக்கும் திறன் குறைகிறது. உள்ளிழுத்த ஆக்சிஜனை ரத்தம் சுமக்க வேண்டும். இதயம் அதை உந்த வேண்டும். தசை அதைப் பயன்படுத்த வேண்டும். ரத்தசோகை முதல் கண்ணியைத் தளர்த்துகிறது. நீண்டகாலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்து தசையை நலிவிக்கிறது. களைப்புக்கு அஞ்சி அசையாமல் இருப்பதால் தசை மேலும் தளர்கிறது. வலி, உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. விளைவாக, பிறருக்குச் சாதாரணமான மாடிப்படி இவர்களுக்கு மலையேற்றமாகிறது.

இங்கே ஒரு பொருளாதாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இந்த உழைப்பு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சேர்வதில்லை. உழைப்பே கணக்கில் வராதபோது, அதனால் வரும் களைப்பு எப்படி வரும்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. களைத்திருப்பதே பெண்ணின் இயல்பு என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்துக்குள் லூபஸ் எளிதில் மறைந்துகொள்கிறது.

களைப்பை முழுவதும் அளக்க முடியாவிட்டாலும், உழைக்கும் திறனை அளக்க முடியும். நுரையீரலின் கொள்ளளவைக் காட்டும் ஊதும் பரிசோதனை இருக்கிறது. ஆறு நிமிடங்களில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்று பார்க்கும் சோதனைக்கு ஒரு நீண்ட தாழ்வாரமும் கடிகாரமும் ஏறத்தாழப் போதும்.

உடற்பயிற்சியும் உதவுகிறது. நோய் கட்டுக்குள் இருந்த 93 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், 12 வாரங்கள் படிப்படியாகப் பயிற்சி செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நல்ல முன்னேற்றம் கண்டதாகத் தெரிவித்தனர். பயிற்சி பெறாத பிரிவில் அவ்வாறு கூறியவர்கள் ஆறில் ஒருவரே. மருத்துவரின் ஒப்புதலுடன், சில நிமிட நடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. வெயிலைத் தவிர்ப்பது நல்லது. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், அதைக் களைப்பென்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்துக்கும் பயிற்சிக்கும் அப்பால் செய்ய வேண்டியவையும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) பட்டியலிடும் 21 குறைபாடுகளில் லூபஸ் இல்லை. எனவே, கல்லூரிகளும் நிறுவனங்களும் தாமாகவே வருகைப் பதிவிலும் பணி நேரத்திலும் இவர்களுக்குச் சற்று இடம் தர வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறையை ஒதுக்குவது பெரும் செலவல்ல. வீட்டில் அந்த 299 நிமிடங்களைப் பகிர்ந்துகொள்ளச் செலவே இல்லை.

அன்று நான் அந்த மாணவியைக் கடிந்துகொண்டதற்குப் பதிலாக, "மூச்சு வாங்குகிறதா அம்மா?" என்று கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ அலுவலகத்திலோ படியேறுகையில் நின்று நின்று ஏறும் பெண் ஒருவர் இருந்தால், அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.