கல் நம்முடையது, இலாபம் யாருடையது?

இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக் குழியை எட்டிப் பார்ப்பவர்களுக்கு, இத்தொழிலில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். இன்றும் குழியின் பக்கங்களுக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து இடையில் இலைதழைகளைத் திணிக்கிறார்கள். 'இல்லம்' எனப்படும் கல் படிந்த சரளையை மேலே எடுத்து, கூடையிலிட்டுக் கழுவி, கண்ணால் தேடுகிறார்கள். முன்பு வாளியால் இறைத்த நீரை மோட்டார் பம்பு இறைக்கிறது. சில இடங்களில் பெக்கோ இயந்திரமும் இறங்கியுள்ளது. அதனால் வயலும் ஆற்றங்கரையும் படும் பாடு தனிக் கதை.

என் பார்வையில், தொழிலைப் புரட்டிப் போட்ட மாற்றம் கல் குழியை விட்டு வெளியே வந்த பிறகே நிகழ்ந்தது.

'கெவுட' கல்லை நமது வியாபாரிகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பால் கலந்தாற்போல் மங்கலாக இருக்கும் இக்கல்லை ஒரு காலத்தில் சீந்துவாரில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதனை அற்ப விலைக்கு வாங்கிச் சென்றனர். அங்கே 1,500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கியபோது, கல்லிலிருந்த நுண்ணிய ரூட்டைல் ஊசிகள் கரைந்து, அவற்றின் டைட்டேனியம் இரும்புடன் சேர்ந்து அழகிய நீலத்தைத் தந்தது. நம்மிடம் கழிவாக இருந்தது பாங்கொக்கில் நீலக்கல்லாக விற்பனையானது.

இதில் வேதனை என்னவென்றால், கல்லைச் சூடாக்குவது நமக்குப் புதிதல்ல. சிரட்டைக் கரியும் ஊதுகுழலும் வைத்து, சிவப்புக் கல்லில் கலந்த நீலச் சாயலை அகற்றும் கலை இங்கே பரம்பரை பரம்பரையாக இருந்தது. அந்த வெப்பம் கெவுடவுக்குப் போதாது என்பதை யாரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. பின்னர் எரிவாயு உலைகள் இங்கும் வந்தன, நம்மவர்களும் கற்றுக்கொண்டனர். ஆனால் அதற்குள் எத்தனையோ மூடை கல் கைமாறிவிட்டது.

அடுத்த அடி வேறு விதமானது. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பத்மராக நிறத்தில் சந்தைக்கு வந்த கற்கள் பல பெரிலியம் ஊட்டிச் சூடாக்கப்பட்டவை என்பது அம்பலமானது. அதுவரை நம்பி வாங்கியவர்கள் ஆடிப்போயினர். இன்று வெளிநாட்டுக் கொள்வனவாளர் பெறுமதியான கல்லைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "சூடாக்கியதா, இல்லையா? சான்றிதழ் உண்டா?" என்பதே. சூடுபடாத நல்ல நீலக்கல்லுக்கும் சூடுபட்டதற்கும் விலை வித்தியாசம் பெரிது.

சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் உள்ள சிறு வியாபாரிகள் இன்னும் கைக்கண்ணாடியையும் வாய்வார்த்தையையும் நம்பியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. சூடாக்குவது குறையல்ல, அதை மறைத்து விற்பதே குறை. விற்கும் பொருளின் குறையைச் சொல்லி விற்கும்படி மார்க்கம் நமக்கு எப்போதோ கற்றுத் தந்துவிட்டது. ஆய்வுகூடங்கள் இன்று கேட்பதும் அதைத்தான். பற்றுச்சீட்டில் "சூடாக்கப்பட்டது" என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுப்பவரிடம் கொள்வனவாளர் மீண்டும் வருவார்.

சிறிய கல் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் எடுத்தால் கட்டுப்படியாகாது என்பது உண்மையே. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நல்ல நுணுக்குக்காட்டியை வாங்கலாம். ஊசிகள் முழுதாக உள்ளனவா, உடைந்து புள்ளிகளாகியுள்ளனவா என்பதைப் பழகிய கண் அதில் பெரும்பாலும் கண்டுகொள்ளும். பெரிலியத்தை மட்டும் அதில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. செம்மஞ்சள், பத்மராகக் கற்களில் பெரிய தொகை போடுபவர்கள் ஆய்வுகூட அறிக்கை கைக்கு வரும்வரை பணத்தைக் கொடுக்காதிருப்பதே நல்லது.