சிறு செலவில் விண்பயணப் பயிற்சி

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. அங்கிருந்து ராக்கெட்டுகள் பல கிழக்கு நோக்கிச் செலுத்தப்படுவது ஏன் என்று சித்தூர், திருப்பதி மாணவர் வினவக்கூடும். அவ்விடத்தில் பூமியின் சுழற்சி வினாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தை இலவசமாக அளிக்கிறது என்பதே விடை.

இதனைக் கண்ணெதிரே காட்ட வல்லது, மார்ட்டின் ஷ்வைகர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்பிட்டர்’ என்னும் இலவச மென்பொருள். இதற்கு விலையுயர்ந்த கணிப்பொறி தேவையில்லை. ஈர்ப்பு விசையை இடைவிடாது கணக்கிடுவது மையச் செயலி; காட்சியைத் தீட்டுவது வரைகலைச் செயலி. அலுவலகங்கள் கழித்துவிட்ட விண்டோஸ் கணிப்பொறி ஒன்றில் 8 கிகாபைட் நினைவகமும், எஸ்.எஸ்.டி. வட்டும், எளிய வரைகலை அட்டையும் பொருத்தினால் போதுமானது.

ஆயின், மின்வழங்கியில் சிக்கனம் கூடாது. தரமற்ற மின்வழங்கி பழுதுறுங்கால் பிற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். அட்டையை வாங்குமுன் மின்வழங்கியின் வாட் அளவையும், பெட்டியினுள் உள்ள இடத்தையும் ஆசிரியர் சரிபார்த்துக் கொள்வது நலம்.

பின்னர், ஒரே கலத்தை ஒருமுறை கிழக்கேயும் ஒருமுறை மேற்கேயும் செலுத்தி, எஞ்சிய எரிபொருளை மாணவர் ஒப்பிடுக. விடையை அவர்களே கண்டறிவர்.