வேலைத்தலத்தில் நச்சுவாயு: மூக்கை நம்பாதீர்கள்!

குளிர்காலம் தொடங்கினால் தலையிடி என்று எமது சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கை கூடிவிடும். தடிமன், நித்திரைக் குறைவு, பீனிசம், மன அழுத்தம் என்று காரணங்கள் பல. சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் குடும்பத்தரும் இப்படித்தான் வந்தார். "பின்னேரமானால் தலை வெடிக்கிற மாதிரி இருக்கு டொக்டர், சத்தியும் வரப் பார்க்குது" என்றார். இரண்டு தடவை வலிமாத்திரை கொடுத்து அனுப்பினோம். மூன்றாவது தடவை கூட வந்த மனைவி சொன்னார்: "சனி, ஞாயிறு வீட்டில நிண்டால் ஒண்டும் இல்லை."

அப்போதுதான் வேலையைப் பற்றிக் கேட்டோம். பண்டகசாலை ஒன்றில் புரொப்பேனில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். குளிர் உள்ளே வராமல் கதவுகள் எல்லாம் பூட்டு. வேலை முடிந்த கையோடு எடுத்த இரத்தப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி இருந்தது. முதல் நாளே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது எங்கள் தவறு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மூக்குக்குத் தெரியாத நஞ்சு

எரிபொருள் சரியாக எரியாதபோது உண்டாகும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இங்கே கருவிப் பெட்டிகளில் 'மொனொக்சீட் டு கார்போன்' என்று பிரெஞ்சில் எழுதியிருப்பது இதைத்தான். இது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேர்ந்துவிடும். விரலில் மாட்டும் சாதாரண ஒட்சிசன் மானி இந்த வித்தியாசத்தை அறியாது. நோயாளி மயங்கும் நிலையிலும் நல்ல எண்ணைக் காட்டலாம்.

ஐதரசன் சல்பைட்டின் குணம் வேறு. சாக்கடை, எருக்குழி, கழிவுத் தொட்டி போன்ற இடங்களில் உண்டாகும் இந்த வாயு முதலில் கூழ்முட்டை போல் மணக்கும். காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டும்போது மணக்கும் சக்தியே மரத்துப்போகும். "மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை" என்று நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம்.

காப்பாற்றப் போனவர்கள்

2008 செப்டெம்பர் 5ஆம் திகதி பிரிட்டிஷ் கொலம்பியாவின் லாங்லியில் காளான் வளர்ப்புக்கான எரு தயாரிக்கும் இடமொன்றில் குழாய் அடைப்பை எடுக்கும்போது நச்சுவாயு வெளியேறியது. விழுந்தவர்களைத் தூக்க ஓடிய சக தொழிலாளர்களும் விழுந்தார்கள். மூவர் இறந்தனர், இருவருக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அவர்களும் எங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வந்து பாடுபட்டவர்கள். ஒருவர் விழுந்தால் ஓடிப் போய்த் தூக்குவது எங்கள் சுபாவம். ஆனால் காற்றை அளக்காமல், சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வெளியே நின்று 911ஐ அழையுங்கள்.

எந்தக் கருவி எதற்கு?

வீட்டில் மாட்டும் காபனோரொட்சைட்டுக் கருவி அந்த ஒரு வாயுவை மட்டுமே அறியும். பத்து இலட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் அது ஒலிக்க ஒன்று முதல் நான்கு மணித்தியாலம்வரை எடுக்கலாம். வேலைத்தலத்தில் எட்டு மணித்தியாலச் சராசரியாக 35ஐத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே வீட்டுக் கருவி தொழிற்சாலைக்குப் போதாது.

தொட்டி, குழி போன்ற மூடிய இடங்களுக்கு உடுப்பில் கொழுவும் நால்வாயு மானி பாவிப்பார்கள். ஒட்சிசன், தீப்பற்றும் வாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு ஆகிய நான்கையும் அது அளக்கும். சாதாரண காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம், 19.5 வீதத்துக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அமோனியா, குளோரீன் போன்றவற்றுக்குத் தனி உணரிகள் வேண்டும். 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபேர்னி பனிச்சறுக்கு அரங்கில் மூவரின் உயிரைப் பறித்தது அமோனியாக் கசிவு.

கருவி சுவரில் தொங்கினால் மட்டும் போதாது. உணரிக்கும் ஆயுள் உண்டு. சோதனை வாயு காட்டிப் பார்க்க வேண்டும். திகதி முடிந்தால் மாற்ற வேண்டும். "சும்மா கத்துது" என்று பற்றரியைக் கழற்றி வைப்பது உயிரைக் கழற்றி வைப்பது போல.

கேட்கப் பயமா?

"கேட்டால் வேலையால் நிற்பாட்டிப் போடுவாங்கள்" என்று பலர் எங்களிடம் சொல்கிறார்கள். வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் தலையில் இருக்கும்போது அந்தப் பயம் எங்களுக்கு விளங்காததல்ல. ஆனால் கியூபெக்கின் 1979ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம், ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் வேலையை மறுக்கும் உரிமையைத் தருகிறது. மறுத்தால் உடனே மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். அந்த உரிமையைப் பாவித்ததற்காக வேலையிலிருந்து நீக்க முடியாது. ஆலோசனைக்கு சி.என்.இ.எஸ்.எஸ்.டி.: 1 844 838-0808.

நினைவில் வைத்திருங்கள்

1. வேலையில் வந்து வீட்டில் போகும் தலையிடி, தலைசுற்று, சத்தி என்றால் அதை வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். கூட வேலை செய்பவர்களுக்கும் உண்டா என்று விசாரியுங்கள்.

2. கருவி ஒலித்தால் முதலில் வெளியே வாருங்கள், பிறகு 911. காபனோரொட்சைட்டு பாதித்தவருக்கு ஒட்சிசனே மருந்து. கடுமையான பாதிப்புக்கு உயரழுத்த ஒட்சிசன் அறை மொன்றியல் சாக்ரே-கேர் வைத்தியசாலையில் உண்டு.

3. கர்ப்பிணிகள் கூடுதல் அவதானமாக இருங்கள். தாய் தேறிய பிறகும் சிசுவின் இரத்தத்தில் இந்த வாயு தங்கி நிற்கும்.

4. சந்தேகம் என்றால் கியூபெக் நச்சுத் தகவல் நிலையம்: 1 800 463-5060. சுகாதார ஆலோசனைக்கு 811.

அந்த இளைஞரின் வேலைத்தலத்தில் இப்போது சுவரில் கருவி இருக்கிறது, காற்றோட்டமும் திருத்தப்பட்டிருக்கிறது. அவர் வேலையை இழக்கவில்லை, தலையிடியைத்தான் இழந்தார். இன்று இரவு சாப்பாட்டு மேசையில் உங்கள் வீட்டாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் வேலை செய்யிற இடத்தில் காற்றை அளக்க என்ன இருக்கு?"