பாசறைக்குப் போய்ச் சேராத பயணம்

சில ஆண்டுகளுக்கு முன், படிவம் 4 மாணவர்களிடம் ‘நான் கலந்துகொண்ட பாசறை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பாய்ஸ் பிரிகேட் இயக்கத்தில் இருந்த ஒரு மாணவன் இப்படித் தொடங்கியிருந்தான்: “காலை எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறினோம். இயற்கைக் காட்சிகளை இரசித்தவாறு பாசறைத் தளத்தை இனிதே சென்றடைந்தோம்.”

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயணத்தில் துணை ஆசிரியராக நானும் போயிருந்தேன். நாங்கள் பாசறைத் தளத்தைச் சென்றடையவே இல்லை!

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “டீச்சர், போய்ச் சேரலன்னு எழுதினா கட்டுரை தப்பாயிடும்ல?” என்றான். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. பாசறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும், பாசறையைப் பற்றி எழுதப் போகும் எஸ்.பி.எம். மாணவர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

அன்று நடந்தது

அது ஆண்டு இறுதி விடுமுறை, டிசம்பர் மாதம். ஜொகூர் பாருவிலிருந்து கஹாங்கைத் தாண்டி ஓர் ஆற்றோரப் பாசறைத் தளத்துக்குப் போவது திட்டம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, குளுவாங் போகும் சாலையில் பத்தரை மணிக்குப் பேருந்து நின்றுவிட்டது. “எஞ்சின் சூடாயிடுச்சி, இனி ஓட்டக் கூடாது” என்றார் ஓட்டுநர். மாற்றுப் பேருந்து வந்தபோது மணி மூன்றரை. சாலையோரக் கடை ஒன்றின் நிழலில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் பதினொரு மணிக்கே தீர்ந்து போனது.

பேருந்து வந்ததும் பையன்கள் கைதட்டினார்கள். ஆனால் குழுத் தலைவர் வேறு முடிவு எடுத்திருந்தார். குளுவாங்கில் ஒரு தேவாலய மண்டபத்தில் தங்குவது என்று சொன்னார்.

“சார், இவ்ளோ தூரம் வந்துட்டு உள்ள போகலன்னா எப்படி?”

“நாலு மணிக்குள்ள கஹாங் தாண்டலன்னா உள்ள போறதில்லன்னு நேத்தே எழுதி வெச்சோம். இப்ப மணி என்னன்னு பாரு.”

அவ்வளவுதான். இரண்டு இரவும் மண்டபத்தில் தங்கினோம். கூடாரங்களைப் புல்தரையில் அடித்துப் பழகினார்கள்; முடிச்சுப் போட்டார்கள்; பின்கட்டில் சமைத்தார்கள். மறுநாள் காலை தளத்துக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. இரவு மழை பெய்தது, ஆனால் ஆறு கரை ஏறவில்லை என்றார். உடனே பையன்கள், “பாத்தீங்களா சார், போயிருக்கலாம்!” என்றார்கள்.

போயிருக்கலாம்தான். ஆனாலும் முந்தைய நாள் எடுத்த முடிவு தவறாகிவிடாது. ஆபத்து வந்தால்தான் எச்சரிக்கை சரி என்று பொருளல்ல. முடிவு எடுத்த நேரத்தில் கையில் இருந்த தகவல் என்ன என்பதை வைத்துத்தான் ஒரு முடிவை எடைபோட வேண்டும். இருட்டப் போகிற நேரம், செம்மண் பாதை, மழைக்காலம், முப்பது பிள்ளைகள். அன்று தெரிந்தவை இவைதான்.

மண்டபத்தில் தொடங்கிய பாசறை

பாய்ஸ் பிரிகேட் ஒரு கிறிஸ்துவ இளையோர் சீருடை இயக்கம். வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்பவர் 1883 அக்டோபர் 4ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இதைத் தொடங்கினார். அவர் ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியர். தொண்டர் படை அதிகாரியும்கூட. வகுப்பில் அடங்காத பையன்களை அணிவகுப்பு, கட்டொழுங்கு, விளையாட்டு ஆகியவற்றின் வழியாக ஈர்க்கலாம் என்று நினைத்தார். இயக்கத்தின் சின்னம் நங்கூரம். சிங்கப்பூரில் 1930ஆம் ஆண்டும், பினாங்கில் 1946ஆம் ஆண்டும் முதல் குழுக்கள் அமைந்தன. இன்று நம் பள்ளிகளில் சாரணர், செம்பிறைச் சங்கம் போல இதுவும் சீருடை இயக்கங்களுள் ஒன்று.

இந்த இயக்கத்தின் முதல் பாசறை 1886ஆம் ஆண்டு டிக்னபுரூயக் என்ற கடலோர ஊரில் நடந்தது. அப்போது பையன்கள் கூடாரத்தில் தங்கவில்லை. ஒரு மண்டபத்தில்தான் தங்கினார்கள்! பேடன் பவல் 1907ஆம் ஆண்டு பிரவுன்சீ தீவில் நடத்திய புகழ்பெற்ற பாசறையிலும் பாய்ஸ் பிரிகேட் பையன்கள் இருந்தார்கள். ஆகவே, மண்டபத்தில் தங்கியதால் அது பாசறை இல்லை என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

ஜொகூரில் பயணம் ஏன் தடைபடுகிறது?

முதற்காரணம் நாட்காட்டி. நீண்ட விடுமுறை ஆண்டு இறுதியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி, செகாமட் போன்ற ஊர்கள் மூழ்கின. ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில், மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நினைத்த வேளையில், பத்து பகாட், செகாமட் வட்டாரங்களில் மீண்டும் வெள்ளம். எனவே நாட்காட்டியை மட்டும் நம்ப முடியாது. வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். தொடர்மழை எச்சரிக்கை வஸ்பாடா, புரோக், பஹாயா என மூன்று நிலைகளில் வரும்.

இரண்டாவது, ஆறு. குனோங் லேடாங் அடிவாரம், கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி போன்ற இடங்களில் ‘கெப்பாலா ஆயர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர்ப் பெருக்கு வரலாம். மேலே மலையில் மழை பெய்யும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலைதழைகளும் குச்சிகளும் மிதந்து வருவது, நீரின் இரைச்சல் கூடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது பொருள்களை எடுக்க நிற்கக் கூடாது; உடனே மேட்டுக்கு ஏற வேண்டும்.

மூன்றாவது, மண். 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் சிலாங்கூர், பத்தாங் காலியில் பாசறைத் தளத்தின் மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் இறந்தனர். தளம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அதற்கு உரிமம் இருக்கிறதா, மேலே சரிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நான்காவது, கடல். மெர்சிங் படகுத்துறையிலிருந்து தீவுகளுக்குப் படகு புறப்படும் நேரம் கடல் ஏற்றத்தைப் பொறுத்தது. ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்தது. நீர் வற்றினால் படகு நகராது. மழைக்காலத்தில் அலை பெரிதாக இருந்தால் சேவையே இருக்காது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவும் பருவமழை மாதங்களில் மூடப்படும். மற்ற மாதங்களிலும் கஹாங்கிலிருந்து பெத்தா நுழைவாயிலுக்குப் போக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் கரடுமுரடான பாதை. சாதாரணப் பேருந்து போகாது.

ஐந்தாவது, சாலை. 2016 டிசம்பர் 24ஆம் நாள் பாகோ அருகே நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து 14 பேர் உயிரிழந்தனர். 2025 ஜூன் 9ஆம் நாள் பேராக்கின் கெரிக் அருகே நடந்த பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரை இழந்தோம். அவர்கள் நாளைய ஆசிரியர்கள். இரண்டுமே இருட்டு நேரப் பயணங்கள். 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைப்பட்டை அணிவது கட்டாயமாகியிருக்கிறது. பேருந்தை வாடகைக்கு எடுக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். பட்டை எல்லா இருக்கையிலும் இருக்கிறதா, ஓட்டுநர் முந்தைய இரவு தூங்கினாரா என்றும் கேளுங்கள். “ரொம்பக் கேக்குறீங்களே டீச்சர்” என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

முந்தைய நாளே எழுதவேண்டிய மூன்று வரிகள்

நாள் முழுக்கக் காத்திருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி நல்ல முடிவு எடுப்பது கடினம். கட்டிய பணம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, “இவ்ளோ தூரம் வந்துட்டோமே” என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து நம்மை முன்னே தள்ளும். அதனால் முடிவைப் புறப்படும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.

1. எத்தனை மணிக்குள் எந்த இடத்தைத் தாண்டவில்லை என்றால் பயணம் நிற்கும்?
2. நின்றால் எங்கே தங்குவோம்? அந்த இடத்தாரிடம் முன்கூட்டியே பேசியாயிற்றா?
3. யார் முடிவு சொல்வது? பெற்றோருக்கு யார் தகவல் சொல்வது?

மூன்றாம் வரி சின்னதாகத் தெரியும். ஆனால் முப்பது பையன்களும் முப்பது விதமாக வீட்டுக்குப் போன் செய்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தேன். பேருந்து சூடானது, ஒரு வீட்டில் ‘பேருந்து எரிந்தது’ என்று போய்ச் சேர்ந்திருந்தது!

மாணவர்களுக்கு: இதை எப்படி எழுதுவது?

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நேரம் கூடிப் போவது தாமதம். செயல் தொடர முடியாமல் நிற்பது தடங்கல். உயிருக்கோ உடைமைக்கோ எதிர்பாராமல் கேடு நேர்வது விபத்து. எங்கள் பேருந்து நின்றது தடங்கல்; அதை விபத்து என்று எழுதினால் பொருள் மாறிவிடும்.

விளக்கக் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியிலும் காரணம், விளைவு, செய்ய வேண்டியது என்ற மூன்றும் இருக்கட்டும். ‘மழை பெய்வதால் ஆபத்து ஏற்படும்’ என்பது போதாது. எங்கே பெய்யும் மழை, எதனால் ஆபத்து, எதைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று எழுதினால் அதுவே கருத்து விளக்கம். அனுபவத்தை எழுதும்போது மனனம் செய்த வரிகளை விட்டுவிட்டு, மணி, இடம், சொன்ன சொல், தின்ற சோறு ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள்.

அந்த மாணவனிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, “நடந்ததை எழுது, போதும்” என்றேன். இரண்டாம் முறை அவன் எழுதியது இப்படித் தொடங்கியது: “பத்தரை மணிக்குப் பேருந்து நின்றது. ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். மாற்றுப் பேருந்து வந்தபோது, இனி பாசறைக்குப் போகப் போவதில்லை என்று தலைவர் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.”

முதல் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து மதிப்பெண் போட்டிருந்தேன். இரண்டாவதைப் படித்தபோது, கோபம் அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பயிற்சி

1. பாசறைப் பயணத்தின்போது எதிர்பாராத தடங்கல்கள் ஏற்படுவதற்கான காரணங்களையும் அவற்றை எதிர்கொள்ளும் வழிகளையும் விளக்கி 250 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை எழுதுக.
2. தலைவர் எடுத்த முடிவை ஆதரித்து ஒரு பத்தியும், மறுத்து ஒரு பத்தியும் எழுதுக. அன்று மாலை மூன்றரை மணிக்குத் தெரிந்திருந்த தகவல்களை மட்டுமே பயன்படுத்துக.